ஐரோப்பிய ஒன்றியத்துக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியம் உடைந்துவிடுமா?

உடையாது என்றே நினைக்கிறேன். 2010-இல் கிரேக்கம் திவாலாகும் நிலைக்கு வந்தபோதும், 2015-இல் அகதிகள் வந்தபோதும், 2016-இல் பிரிட்டன் வெளியேற வாக்களித்தபோதும், 2020-இல் கொரோனாவின்போதும் இதே கேள்வி எழுந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்றியம் தப்பியது. அதனால் நிம்மதியாக இருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. ஒன்றியம் பெயரளவில் நிலைத்திருக்கும், ஆனால் பெரிய விஷயம் எதிலும் நேரத்துக்கு முடிவெடுக்க முடியாமல் போகும். எனக்கு உள்ள அச்சம் இதுதான். உடைவதைவிட இது மோசமானது. உடைந்தால் எல்லோருக்கும் தெரியும். உள்ளே உளுத்துப்போவது வெளியே தெரியாது.

அப்படியானால் நெருக்கடி என்று எதைச் சொல்கிறார்கள்?

கிரேக்கக் கடன், அகதிகள், பிரெக்ஸிட், ஹங்கேரி, உக்ரைன் என்று பட்டியல் நீளம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும். அடியில் இருப்பது ஒரே கோளாறு. பொதுவானவற்றைப் பாதி கட்டிவிட்டு நிறுத்திவிட்டார்கள். பொது நாணயம் உண்டு, பொதுக் கருவூலம் இல்லை. உள்ளே எல்லைகளைத் திறந்தார்கள், வெளி எல்லையைக் காக்கும் பொறுப்பைப் பங்கிடவில்லை. பொது வெளியுறவுக் கொள்கை உண்டு என்கிறார்கள், 27 நாடுகளில் ஒன்று தலையை ஆட்டாவிட்டாலும் அது நின்றுவிடும்.

இது ஒரு நாடா, நாடுகளின் சங்கமா?

இரண்டுமில்லை, இரண்டும்தான். 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான், பிரான்ஸின் நிலக்கரியையும் எஃகையும் ஜெர்மனியுடையதோடு சேர்த்து ஒரே நிர்வாகத்தின் கீழ் வைக்கலாம் என்றார். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்து அப்போதுதான் ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. பீரங்கி செய்ய வேண்டிய இரண்டு பொருள்களும் பொதுவாகிவிட்டால் ஒருவர் மீது ஒருவர் படையெடுக்க முடியாது என்பது கணக்கு. 1951-இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. 1957-இல் ரோம் ஒப்பந்தம், 1992-இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் என்று வளர்ந்து, இன்று சுமார் 45 கோடி மக்கள், 24 ஆட்சிமொழிகள், தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், தனி நீதிமன்றம், மத்திய வங்கி என்று நிற்கிறது.

நாட்டுக்குரிய இத்தனையும் இருந்தும், அதன் பட்ஜெட் உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 1 சதவீதம்தான். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு அந்நாட்டுப் பொருளாதாரத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் செலவழிக்கிறது. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் சட்டம் போடலாம். செலவு செய்யக் கையில் காசில்லை. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் புரிந்துவிடும்.

கிரேக்கத்தில் உண்மையில் நடந்தது என்ன?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஐரோப்பாவின் மனசாட்சியில் இன்னும் ஆறாத புண் இது.

யூரோ 1999-இல் கணக்கு நாணயமாக வந்தது. கிரேக்கம் 2001-இல் சேர்ந்தது. அதுவரை அதிக வட்டிக்குக் கடன் வாங்கிய நாட்டுக்கு, யூரோவில் நுழைந்ததும் கிட்டத்தட்ட ஜெர்மனிக்குக் கிடைக்கும் வட்டியில் கடன் கிடைத்தது. பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் தாராளமாகக் கொடுத்தன. அரசின் வரவு-செலவுப் பற்றாக்குறை நாட்டின் பொருளாதாரத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி ஒன்று உண்டு. 2003-இல் அந்த விதியை மீறி, தண்டனையிலிருந்தும் தப்பித்தவை ஜெர்மனியும் பிரான்ஸும்தான். பெரியவர்கள் மீறினால் சின்னவர்களுக்கு என்ன பாடம் போகும்?

2009 அக்டோபரில் ஏதென்ஸில் ஆட்சிக்கு வந்த புதிய அரசு, முந்தைய கணக்குகள் பொய் என்று சொன்னது. பற்றாக்குறை திருத்தத் திருத்த ஏறி, கடைசியில் 15 சதவீதத்தைத் தாண்டியது. சொந்த நாணயம் உள்ள நாடாக இருந்தால் மதிப்பைக் குறைத்து, ஏற்றுமதியையும் சுற்றுலாவையும் மலிவாக்கி மூச்சு விட்டிருக்கும். யூரோவில் அந்தக் கதவு மூடப்பட்டிருந்தது. ஒரே நாட்டின் மாநிலமாக இருந்திருந்தால் மத்திய கருவூலத்திலிருந்து ஓய்வூதியமும் வேலையில்லாப் படியும் வந்துகொண்டிருக்கும். அந்தக் கதவோ கட்டப்படவே இல்லை.

மிஞ்சியது கடன் மட்டுமே. 2010 மேயில் 11,000 கோடி யூரோ உதவி அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கவும் வங்கிகளைத் தூக்கி நிறுத்தவுமே போனது. பதிலுக்கு ஓய்வூதியம் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டது. மருத்துவமனைச் செலவு வெட்டப்பட்டது. பொருளாதாரம் நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. 2013-இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. இளைஞர்களில் பாதிப் பேருக்கு மேல் வேலையில்லை. படித்த பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். அமைதிக் காலத்தில் ஒரு பணக்கார நாட்டுக்கு இப்படி நேர்வது அபூர்வம். தவறான கணக்கெழுதிய அரசியல்வாதிகளுக்காகவும் யோசிக்காமல் கடன் கொடுத்த வங்கிகளுக்காகவும் ஓய்வூதியக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இதை நியாயம் என்று எந்தப் பொருளாதார வாதத்தாலும் ஏற்க முடியாது.

அவ்வளவு துன்பப்பட்டும் கிரேக்கம் ஏன் யூரோவை விட்டுப் போகவில்லை?

போகும் விளிம்புவரை வந்தது. 2015 ஜூன் இறுதியில் வங்கிகள் மூடப்பட்டன. ஏடிஎம்மில் நாளுக்கு 60 யூரோதான் எடுக்க முடிந்தது. ஜூலை 5 அன்று பிரதமர் சிப்ராஸ் நடத்திய பொதுவாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை நிராகரித்தார்கள். எட்டே நாளில் அதே சிப்ராஸ் அதைவிடக் கடுமையான நிபந்தனைகளை ஏற்று, 8,600 கோடி யூரோ வரையிலான மூன்றாவது உதவிக்குச் சம்மதித்தார்.

காரணம் எளிது. பழைய கிரேக்க நாணயமான டிராக்மா திரும்பினால் சேமிப்பின் மதிப்பு ஒரே இரவில் கரையும், கடன் மட்டும் யூரோவிலேயே நிற்கும். உள்ளே இருப்பது வேதனை, வெளியே போவது அதைவிட வேதனை. இப்படிப்பட்ட கணக்கால் ஓர் அமைப்பு நிலைக்கலாம்; அதன் மேல் மக்களுக்குப் பாசம் வராது.

யூரோவின் அந்தக் கோளாறு சரிசெய்யப்பட்டதா?

பாதிதான். 2012 ஜூலை 26 அன்று ஐரோப்பிய மத்திய வங்கியின் அன்றைய தலைவர் மாரியோ டிராகி, யூரோவைக் காக்க என்ன தேவையோ அதைச் செய்வோம் என்று லண்டனில் பேசினார். அதற்கென அறிவித்த, அரசுகளின் கடன்பத்திரங்களை வாங்கும் திட்டத்தில் ஒரு யூரோகூடச் செலவாகவில்லை. சொல்லே சந்தையை அடக்கியது. பெரிய வங்கிகளைப் பொதுக் கண்காணிப்பில் கொண்டுவந்தார்கள். ஆனால் வங்கி மூழ்கினால் மக்களின் வைப்புப் பணத்தைக் காக்க 2015-இல் முன்மொழிந்த பொது வைப்புக் காப்பீடு இன்னும் நிறைவேறவில்லை.

பெரிய மாற்றம் கொரோனாவின்போது, 2020 ஜூலையில் வந்தது. நான்கு இரவு பேசி, 75,000 கோடி யூரோவை ஒன்றியத்தின் பெயரில் கடன் வாங்க முடிவு செய்தார்கள். அதில் 39,000 கோடி திருப்பித் தர வேண்டாத மானியம். கிரேக்கத்துக்கு மறுத்ததை இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் கொடுத்தார்கள். நெதர்லாந்து, ஆஸ்திரியா, டென்மார்க், ஸ்வீடன் எதிர்த்தன, கடைசியில் இணங்கின. இந்தக் கடனை 2058-க்குள் அடைக்க வேண்டும். இதைப் பத்தாண்டு முன்பே செய்திருந்தால் ஒரு தலைமுறை கிரேக்க இளைஞர்களின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும்.

ஒரே நாடு எல்லாவற்றையும் தடுக்க முடியுமாமே?

எல்லாவற்றையும் அல்ல. சந்தை, சுற்றுச்சூழல், விவசாயம் போன்றவற்றில் 27-இல் 15 நாடுகள், அவற்றில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 சதவீதம் இருந்தால் போதும். ஆனால் வெளியுறவு, பொருளாதாரத் தடைகள், வரி, புதிய நாடுகளைச் சேர்ப்பது, ஏழாண்டு பட்ஜெட் ஆகியவற்றில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அதாவது முக்கியமான இடங்களில் எல்லாம் வீட்டோ, ஒருவரே தடுக்கும் உரிமை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2023 டிசம்பர் நல்ல உதாரணம். உக்ரைனோடு சேர்க்கைப் பேச்சைத் தொடங்க அன்றைய ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் மறுத்துவந்தார். உச்சி மாநாட்டுக்கு முதல் நாள், சட்டத்தின் ஆட்சி குறித்த கவலையால் நிறுத்திவைத்திருந்த நிதியில் சுமார் 1,020 கோடி யூரோவை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஹங்கேரிக்குத் திறந்துவிட்டது. மறுநாள் ஓர்பான் அறையைவிட்டு வெளியே போனார்; மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். அன்றிரவே உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை அவர் தடுத்தார். 2024 பிப்ரவரியில்தான் அது நிறைவேறியது. போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டுக்கு அந்த வாரங்கள் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

வடக்கு மாசிடோனியாவின் கதை இதைவிட வருத்தமானது. 2005-இலிருந்தே அது ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் வேட்பாளர் நாடு. மாசிடோனியா என்ற பெயர் எங்களுடையது என்று கிரேக்கம் ஆண்டுக்கணக்கில் தடுத்தது. 2018-இல் உடன்பாடு எழுதி, 2019-இல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு பிரான்ஸ் தடுத்தது. 2020-இல் மொழியையும் வரலாற்றையும் காட்டி பல்கேரியா தடுத்தது. பெயரை விட்டுக்கொடுத்த நாட்டிடம் அடுத்து என்ன கேட்பது? அரசியலமைப்பைத் திருத்தி பல்கேரியர்களைக் குறிப்பிடச் சொல்கிறார்கள். பால்கன் மக்கள் பிரஸ்ஸல்ஸின் வாக்குறுதியை நம்பத் தயங்கினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்படி ஒருவர் தடுக்கும் முறை வரலாற்றில் வேறெங்காவது இருந்ததா?

ஐரோப்பாவிலேயே இருந்தது. 1569-இல் உருவான போலந்து–லித்துவேனியக் கூட்டரசு, பல இனங்களும் பல சமயங்களும் சேர்ந்து வாழ்ந்த பெரிய ஒன்றியம். அதன் சபையில் பிரபுக்களின் பிரதிநிதி ஒருவர் எழுந்து ‘அனுமதிக்க மாட்டேன்’ என்றால் கூட்டமே கலைந்துவிடும். அதுவரை எடுத்த முடிவுகளும் போய்விடும். சுதந்திரத்தின் உச்சம் என்று அதைக் கொண்டாடினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கம்பக்கத்து அரசுகள் பிரதிநிதிகளை விலைக்கு வாங்கி, சபையை நடக்கவிடாமல் செய்தன. 1791 அரசியலமைப்பில் அந்த உரிமையை ஒழித்தார்கள். காலம் கடந்திருந்தது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டு, 1795-இல் அந்தக் கூட்டரசு வரைபடத்திலிருந்தே மறைந்தது.

ஒன்றியத்துக்கு அதே கதி வரும் என்று சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு வல்லரசு ஒன்றியத்தை முடக்க நினைத்தால் 27 தலைநகரங்களை வளைக்கத் தேவையில்லை, ஒன்று போதும்.

அப்படியானால் வீட்டோவை ஏன் நீக்கவில்லை?

நீக்குவதற்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒப்பந்தத்தைத் திருத்தினால் சில நாடுகளில் பொதுவாக்கெடுப்பு வரும். 2005-இல் ஐரோப்பிய அரசியலமைப்பை பிரான்ஸ் 55 சதவீதத்தாலும் நெதர்லாந்து 61.5 சதவீதத்தாலும் நிராகரித்ததை எந்தத் தலைவரும் மறக்கவில்லை.

சிறிய நாடுகளின் பக்கமும் நியாயம் உண்டு. சில லட்சம் மக்களே உள்ள மால்டாவுக்கோ லக்சம்பர்க்குக்கோ வீட்டோதான் கவசம். பெரும்பான்மையால் எதையும் திணிக்கலாம் என்பதும் உண்மையல்ல. 2015 செப்டம்பரில் 1,20,000 அகதிகளைப் பங்கிடும் முடிவை ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, ருமேனியா எதிர்த்து வாக்களித்தும் நிறைவேற்றினார்கள். அதற்கு முந்தைய முடிவையும் சேர்த்து இலக்கு 1,60,000 பேர். உண்மையில் இடம் மாறியவர்கள் சுமார் 35,000 பேர்தான். மறுத்த நாடுகள் மறுத்துக்கொண்டே இருந்தன. எனவே வெளியுறவிலும் தடைகளிலும் மட்டுமாவது பெரும்பான்மை முறை வர வேண்டும், மற்றதைப் பொறுத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

இதற்கிடையே சுற்றுவழி ஒன்று உருவாகிவருகிறது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேர்ந்து போவது. 2025 டிசம்பரில் பொதுக் கடன் வாங்கி உக்ரைனுக்கு 9,000 கோடி யூரோ தர முடிவெடுத்தபோது ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் மூன்றும் அந்தச் சுமையிலிருந்து விலக்கு பெற்றன.

விதியை மீறும் நாட்டை வெளியேற்ற முடியாதா?

முடியாது. ஒப்பந்தத்தில் அப்படியொரு வழியே இல்லை. ஏழாம் பிரிவின்படி வாக்குரிமையைப் பறிக்கலாம், அதற்கு மற்ற எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஹங்கேரியை போலந்தும் போலந்தை ஹங்கேரியும் பல ஆண்டுகள் காப்பாற்றின. கொஞ்சமாவது பலன் தந்தது பணத்தை நிறுத்திவைப்பதுதான்.

பிரிட்டனைப் பார்த்து மற்றவர்களும் வெளியேறுவார்களா?

நடந்தது தலைகீழ். 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. இடைப்பட்ட காலத்தில் இரண்டு பிரதமர்கள் பதவி இழந்ததையும், வட அயர்லாந்து எல்லைக்கு விடை தெரியாமல் திண்டாடியதையும் ஐரோப்பாவே பார்த்தது. இதற்கிடையே பிரான்ஸின் தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென் யூரோவை விட்டு வெளியேறும் பேச்சைக் கைவிட்டார். இத்தாலியில் 2022-இல் பிரதமரான ஜார்ஜா மெலோனி பிரஸ்ஸல்ஸோடு பேசியே காரியம் சாதிக்கிறார். ஒன்றியத்தை எதிர்ப்பவர்கள் இப்போது உள்ளேயிருந்தே அதை மாற்ற முயல்கிறார்கள். எனக்கு இது பிரெக்ஸிட்டைவிடப் பெரிய கேள்வி.

பிரிட்டன்தான் முதலில் போனது என்பதும் சரியல்ல. டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்து, 1982-இல் வாக்கெடுப்பு நடத்தி 1985-இலேயே அன்றைய சமூகத்தைவிட்டு விலகியது. முக்கியக் காரணம் மீன்பிடி உரிமை.

அகதிகள் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. முதலில் கால் வைக்கும் நாடே மனுவைக் கவனிக்க வேண்டும் என்பது டப்ளின் விதி. இதனால் பாரம் முழுதும் கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின், மால்டா மீது விழுந்தது. கைரேகை பதிந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படும் பயம் என்னவென்று ஐரோப்பாவில் தஞ்சம் கோரிய ஈழத்தமிழர்கள் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2013 அக்டோபரில் இத்தாலியின் லாம்பெடூசாத் தீவருகே ஒரே படகில் 360-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2015-இல் பத்து லட்சத்துக்கும் மேல் வந்தனர். 2024-இல் நிறைவேற்றிய புதிய உடன்பாட்டில் ஆளை ஏற்கலாம், அல்லது பணம் கட்டலாம். அதே 2024-இல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. கடலில் மூழ்குபவரைக் காப்பது யார் வேலை என்ற கேள்விக்கு மட்டும் அந்த உடன்பாட்டில் தெளிவான விடை இல்லை.

உக்ரைன் சேருமா?

சேர வேண்டும். ஆனால் எளிதல்ல. போருக்கு முன் சுமார் நான்கு கோடி மக்கள், ஐரோப்பாவிலேயே மிகப் பரந்த விளைநிலங்களில் ஒன்று. ஒன்றியப் பட்ஜெட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறது. இன்றைய விதிப்படி உக்ரைன் வந்தால் போலந்து, பிரெஞ்சு விவசாயிகளின் பங்கு குறையும். 2023-இல் உக்ரைன் தானியத்தை போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா மூன்றும் தாமாகவே தடைசெய்தன. உக்ரைனை ஆதரிப்பதில் முன்னின்ற போலந்தே அதைச் செய்தது. அதோடு, 27 வீட்டோவில் நடப்பதே கடினமாக இருக்கும்போது முப்பதுக்கும் மேல் போனால் என்ன ஆகும்?

அமெரிக்கா கைவிட்டால் தனியாக நிற்குமா?

இந்தப் பயம்தான் இன்று ஒன்றியத்தை வேகமாக நகர்த்துகிறது. 2025 மார்ச்சில் ஜெர்மனி கடன் வரம்புக்கான அரசியலமைப்பு விதியையே தளர்த்தி, பாதுகாப்புச் செலவுக்கு வழி திறந்தது. ஆயுதம் வாங்க 15,000 கோடி யூரோ பொதுக் கடன் திட்டம் வந்தது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் பெரும்பாலான ஐரோப்பியப் பொருள்களுக்கு அமெரிக்கா 15 சதவீத வரி விதிப்பதை ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புக்கு வாஷிங்டனை நம்பியிருக்கும்வரை வியாபாரத்திலும் கை தாழ்ந்தே இருக்கும். பின்தங்காமல் இருக்க ஆண்டுக்கு 80,000 கோடி யூரோ வரை கூடுதல் முதலீடு தேவை என்று டிராகி 2024 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். பணம் யார் தருவது என்பதில் பேச்சு நின்றது.

இதில் நமக்கு என்ன?

மூன்று இடங்களில் நேரடியாகத் தொடுகிறது. ஒன்று, இலங்கை. மனித உரிமைக் காரணங்களால் 2010-இல் நிறுத்திய ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை 2017-இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் வருமானம் அதோடு கட்டுண்டது. இரண்டு, திருப்பூர். வங்கதேசப் பின்னலாடை வரியில்லாமல் ஐரோப்பாவுக்குப் போகும்போது நம்முடையது வரி கட்டிப் போய்வந்தது. 2007-இல் தொடங்கி, 2013-இல் நின்று, 2022-இல் மீண்டும் தொடங்கிய தடையற்ற வர்த்தகப் பேச்சு 2026 ஜனவரியில் முடிந்ததாக அறிவித்தார்கள். மூன்று, ஐரோப்பியக் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர்கள். டென்மார்க், நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் கடவுச்சீட்டோடு லண்டனுக்கும் லெஸ்டருக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள், பிரெக்ஸிட்டுக்குப் பின் 2021 ஜூன் 30-க்குள் தங்கும் உரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இன்று அதே கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் அங்கே போய் வாழ முடியாது.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

2027-இல் பிரான்ஸ் அதிபர் தேர்தல். ஜெர்மனியும் பிரான்ஸும் ஒத்துப்போகாமல் ஒன்றியம் பெரிதாக எதையும் செய்ததில்லை.

அதைவிட முக்கியமாக நான் கவனிப்பது 2028–2034 பட்ஜெட். ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்த தொகை ஏறத்தாழ 2 லட்சம் கோடி யூரோ. கொரோனாக் கடனின் அசலைத் திருப்பிக் கட்டுவதும் 2028-இல் தொடங்குகிறது. அந்தப் பணம் உறுப்பு நாடுகள் கட்டும் பங்கிலிருந்து வர வேண்டும், அல்லது ஒன்றியத்துக்கென்றே புதிய வருவாய் வழி வேண்டும். பங்கைக் கூட்டினால் உள்நாட்டில் வாக்கு போகும். புதிய வருவாய்க்கு 27 அரசுகளும் சம்மதித்து, 27 நாடுகளும் தத்தம் அரசியலமைப்பு முறைப்படி தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும்.